முன்னால் அப்பாச்சி, பின்னால் டாம்கேட்: வாசகர் கேள்வி பதில்

ஜாவா மென்பொருளை டாம்கேட் என்ற சர்வரில் ஓட்டி, உலாவியின் கோரிக்கைகளை முதலில் வாங்கி உள்ளே அனுப்பும்படி அதன் முன்னால் அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர்களில் ஒன்றை நிறுத்தும் வேலையில் சிக்கிக்கொண்ட வாசகர்களின் கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒருவர் கேள்விக்கான பதில் இன்னொருவருக்கும் உதவும் என்பதால் எல்லாவற்றையும் படித்துவிட்டு வேலையில் இறங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, அல்மாலினக்ஸ் இயந்திரத்தில் டாம்கேட் 9 நிறுவியிருக்கிறேன். அதே இயந்திரத்தில் இருந்துகொண்டு கர்ல் கட்டளையால் 8080 போர்ட்டைக் கேட்டால் பக்கம் சரியாக வருகிறது. அப்பாச்சி வழியாக உலாவியில் திறந்தால் மட்டும் 503 பிழை. கோரிக்கைகளை டாம்கேட்டுக்குத் திருப்பும் பிராக்ஸிபாஸ் வரியைப் பத்து விதமாக மாற்றி எழுதிவிட்டேன். ஃபயர்வாலையும் அணைத்துப் பார்த்துவிட்டேன். இணையத்தில் கண்ட வழிகாட்டிகள் எதிலும் இதற்கு மேல் ஒன்றும் சொல்லப்படவில்லை. எங்கே தவறு? (ஈரோடு வாசகர்)

பதில்: உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. 8080-இல் நேரடியாகக் கேட்கும்போது பக்கம் வருகிறது என்றால், டாம்கேட்டும் அதற்குள் ஓடும் உங்கள் மென்பொருளும் நலமாக இருக்கின்றன. அப்பாச்சியிலிருந்து டாம்கேட்டுக்குப் போகும் வழியில்தான் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. பிராக்ஸிபாஸ் வரியில் பாதை தவறாக இருந்தால் பெரும்பாலும் 404 வரும். 503 வருவதற்கு, யாரிடம் கேட்க வேண்டும் என்பது தெரிந்தும் அவரை எட்ட முடியவில்லை என்பதே வழக்கமான காரணம். ஆகவே அந்த வரியை இனித் தொடாதீர்கள்.

இனி எந்தப் பிழை வந்தாலும், அந்தப் பிழைப் பக்கத்தை அனுப்பியது இருவரில் யார் என்பதை முதலில் பாருங்கள். டாம்கேட்டின் முழுப் பெயர் அப்பாச்சி டாம்கேட்; வெப் சர்வரின் முழுப் பெயர் அப்பாச்சி எச்டிடிபி சர்வர். இரண்டும் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் பிள்ளைகள் என்பதால், பக்கத்தின் அடியில் அப்பாச்சி என்ற சொல்லைக் கண்டதும் பலர் தடம் மாறிப் போகிறார்கள். டாம்கேட் அனுப்பும் பக்கத்தில் தலைப்பு நீலப் பட்டையில் வெள்ளை எழுத்தாக இருக்கும். அடியில் டாம்கேட் என்ற பெயர் பதிப்பெண்ணோடு இருக்கும். வெப் சர்வர் அனுப்புவது வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தில் இரண்டு மூன்று வரிகள் மட்டுமே. உங்களுக்கு வந்திருப்பது இரண்டாவது வகை என்று எண்ணுகிறேன்.

அடுத்து, அப்பாச்சியின் பிழை லாக் கோப்பைத் திறந்து, 503 வந்த அதே நொடியில் பதிவான வரியைப் படியுங்கள். 127.0.0.1:8080-ஐத் தொடர்புகொள்ளும் முயற்சி தோற்றது என்ற செய்தியும் ஏஎச்00957 என்ற குறியீடும் இருக்கும். ஆனால் அவற்றைவிட முக்கியமானது அந்தச் செய்தியின் முன்னால் அடைப்புக்குறிக்குள் நிற்கும் எண். 111 என்று இருந்தால் அந்தப் போர்ட்டில் கேட்க ஆளே இல்லை என்று பொருள்: டாம்கேட் நின்றுபோயிருக்கலாம், வேறு போர்ட்டில் இருக்கலாம், அல்லது லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயர் ஐபிவி6 முகவரியைக் காட்ட, டாம்கேட் ஐபிவி4 முகவரியில் மட்டும் காத்திருக்கலாம். 110 என்றால் அனுப்பியதற்கு எந்த மறுமொழியும் இல்லாமல் நேரம் கடந்துவிட்டது. ஃபயர்வாலைச் சந்தேகிக்க வேண்டிய இடம் அதுதான். 13 என்றால் அனுமதி மறுக்கப்பட்டது. லினக்ஸின் கோப்பு அனுமதிகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அப்பாச்சி தானாகவே இன்னொரு போர்ட்டைத் தொடர்புகொள்வதை, லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கான எஸ்இலினக்ஸ் தடுத்திருக்கிறது.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அத்தனையும் 13-ஐத்தான் காட்டுகின்றன. கர்ல் கட்டளையை ஓட்டியது நீங்கள்; உங்கள் கணக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அப்பாச்சி தனக்கென ஒதுக்கப்பட்ட வட்டத்துக்குள் ஓடுகிறது. வெப் சர்வர் ஒன்று கைப்பற்றப்பட்டாலும் அங்கிருந்து பிற சேவைகளுக்குத் தாவ முடியாதபடி இந்த வட்டம் முன்கூட்டியே போடப்பட்டிருக்கிறது. உங்கள் அல்மாலினக்ஸ் உட்பட, ரெட் ஹேட் குடும்பத்து லினக்ஸ்களில் எஸ்இலினக்ஸ் தொடக்கத்திலிருந்தே இயங்குகிறது. உபுண்டுவில் வழக்கமாக அது இல்லை. உபுண்டுவை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வழிகாட்டிகள் இதைப் பற்றி வாய் திறக்காததற்கு அதுவே காரணம்.

தீர்வு ஒரே வரி: ரூட் கணக்கில் செட்எஸ்இபூல் கட்டளையை, -பி (ஆங்கிலப் பெரிய எழுத்து P) விருப்பத்துடன், எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட் என்ற பெயருக்கு 1 என்ற மதிப்பைக் கொடுத்து ஓட்டுங்கள். -பி இல்லாமல் ஓட்டினால் இப்போதைக்குச் சரியாகிவிடும். ஆனால் இயந்திரம் அடுத்த முறை அணைந்து எழும்போது அதே 503 திரும்பி வரும், அன்றைக்கு இந்தக் கடிதம் உங்கள் நினைவில் இருக்காது. எஸ்இலினக்ஸையே அணைத்துவிடுங்கள் என்று உங்களுக்கு யாரேனும் அறிவுரை சொன்னால், தயவுசெய்து ஏற்க வேண்டாம். அணைத்த ஃபயர்வாலையும் இன்றே திரும்ப இயக்கிவிடுங்கள். ஒரே இயந்திரத்துக்குள் நடக்கும் உரையாடலுக்கு அது குறுக்கே நிற்பதில்லை. அது அணைந்திருக்கும் வரை உங்கள் 8080 உலகம் முழுவதற்கும் திறந்திருக்கிறது. இன்னும் உறுதியாக இருக்க, டாம்கேட்டின் சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பில் கனெக்டர் குறிக்குள் அட்ரஸ் என்ற பண்புக்கு 127.0.0.1 என்று கொடுத்துவிடுங்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் சரியான தீர்வைக் கண்டபிறகும் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். அப்பாச்சி ஒருமுறை பின்னால் இருப்பவரை எட்ட முடியாமல் போனால், அடுத்த 60 நொடிகளுக்கு முயற்சி செய்யாமலேயே 503 அனுப்பும். நீங்கள் கோளாறைச் சரிசெய்துவிட்டு உடனே உலாவியைப் புதுப்பித்தால் பழைய பிழையே தெரியும். இதுவும் பலிக்கவில்லை என்று மாற்றியதை எல்லாம் பழையபடி ஆக்கிவிடுவீர்கள். பிராக்ஸிபாஸ் வரியின் இறுதியில் ரீட்ரை என்ற அளவுருவை 0 என்று வைத்துக்கொண்டால், சோதனை செய்யும் நாள்களில் இந்தக் குழப்பம் இருக்காது.

கேள்வி: மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, எங்கள் பில்லிங் மென்பொருள் டாம்கேட்டில் நேரடியாகத் திறந்தால் நன்றாக ஓடுகிறது. அப்பாச்சி வழியாக, எச்டிடிபிஎஸ் முகவரியில் திறந்தால், கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தாலும் மீண்டும் மீண்டும் உள்நுழைவுப் பக்கத்துக்கே வந்து நிற்கிறது. கடவுச்சொல் தவறு என்ற செய்திகூட வருவதில்லை. (மதுரையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: அம்மா, இந்தச் சுழலில் நானும் ஓர் இரவு முழுவதும் சிக்கியிருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் புதிய மென்பொருளைத் தொடங்கியாக வேண்டும். நள்ளிரவில் இதே போல உள்நுழைவுப் பக்கம் சுற்றத் தொடங்கியது. பயனர் அட்டவணையையும் கடவுச்சொல் குறியாக்கத்தையும் மூன்று மணி நேரம் தோண்டினோம். உலாவியின் டெவலப்பர் கருவியைத் திறந்து, உள்நுழைவுக்கு வந்த மறுமொழியின் தலைப்புகளைக் கண்ணால் பார்த்தபோதுதான் விடை தெரிந்தது. செட்-குக்கி என்ற வரியில் ஜேசெஷன்ஐடி என்ற பெயரும், ஒரு நீண்ட எண்ணெழுத்துத் தொடரும், அதன்பின் பாத் என்ற இடத்தில் மென்பொருளின் பெயரும் இருந்தன. முகவரிப் பட்டையில் அந்தப் பெயரே இல்லை.

நடப்பது இதுதான். உங்கள் மென்பொருள் டாம்கேட்டில் பில்லிங் என்ற பெயருடைய பாதையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியுலகுக்கு அந்தப் பெயர் தெரிய வேண்டாம் என்று, தளத்தின் வேர்ப் பாதையை டாம்கேட்டின் பில்லிங் பாதைக்குத் திருப்பிவிட்டிருப்பீர்கள். கடவுச்சொல் சரியானதும் டாம்கேட் ஒரு குக்கியை, அதாவது உங்களை அடையாளம் காட்டும் சிறு சீட்டை, கொடுத்து, பில்லிங் என்று தொடங்கும் பாதைகளுக்கு மட்டும் இதைக் காட்டு என்று உலாவியிடம் சொல்கிறது. உலாவிக்குத் தெரிந்த முகவரிகள் எதிலும் பில்லிங் இல்லாததால், அது அந்தக் குக்கியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒருபோதும் காட்டுவதில்லை. டாம்கேட்டுக்கு ஒவ்வொரு முறையும் நீங்கள் புதிய ஆள். உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

பிராக்ஸிபாஸ்ரிவர்ஸ்குக்கிபாத் என்ற கட்டளையால் குக்கியின் பாதையை மாற்றி எழுத முடியும். என்ஜின்எக்ஸில் பிராக்ஸி_குக்கி_பாத் என்று அதற்கு இணையானது உண்டு. ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். குக்கி சரியாகும், பிறகு பக்கங்களுக்குள் மென்பொருள் தானாக எழுதும் பட இணைப்புகளிலும் நடைதாள்களிலும் பில்லிங் என்ற முன்னொட்டு வந்து நிற்கும், அப்பாச்சி அதன்மேல் இன்னொரு பில்லிங்கைச் சேர்த்து அனுப்பும், பக்கம் அலங்கோலமாகத் தெரியும். வெளிப்பாதையும் உள்பாதையும் ஒன்றாகவே இருக்கும்படி அமைத்துக்கொள்வதுதான் நிம்மதியான வழி. வெளியே பெயர் தெரியக்கூடாது என்றால், உங்கள் மென்பொருளின் பொதியான வார் கோப்புக்கு ரூட் என்று, ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், பெயர் மாற்றுங்கள். வெப்ஆப்ஸ் கோப்புறையில் டாம்கேட்டோடு வரும் ரூட் கோப்புறையை முன்னதாக அகற்றிவிடுங்கள். பெயர் தெரிந்தால் பரவாயில்லை என்றால், பிராக்ஸிபாஸின் இரு பக்கங்களிலும் பில்லிங் என்றே எழுதுங்கள். ஒரு பக்கம் சாய்கோட்டில் முடிந்தால் மறுபக்கமும் சாய்கோட்டில் முடியட்டும்.

எச்டிடிபிஎஸ் என்று எழுதியிருப்பதால் இரண்டாவது பொறி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் வேலையெல்லாம் அப்பாச்சியோடு முடிந்துவிடுகிறது. டாம்கேட்டுக்கு வருவது சாதாரண எச்டிடிபி கோரிக்கைதான். எனவே, மென்பொருள் பயனரை இன்னொரு பக்கத்துக்குத் திருப்பிவிடும்போது எச்டிடிபி என்று தொடங்கும் முகவரியைக் கொடுக்கக்கூடும். அப்பாச்சி அதை எச்டிடிபிஎஸுக்குத் திருப்ப, மென்பொருள் மறுபடி எச்டிடிபிக்குத் திருப்ப, திருப்பல்கள் அளவுக்கு மீறிவிட்டன என்று உலாவியே கைவிட்டுவிடும். இதற்கு மூன்று இடங்களில் கை வைக்க வேண்டும். அப்பாச்சியில் பிராக்ஸிபிரிசர்வ்ஹோஸ்ட் கட்டளையை ஆன் என்று வைத்தால், பயனர் தட்டிய தளப்பெயர் மாறாமல் உள்ளே போகும். ரிக்வெஸ்ட்ஹெடர் கட்டளையால் எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ என்ற தலைப்புக்கு எச்டிடிபிஎஸ் என்ற மதிப்பை வைத்தால், வெளியே நடப்பது பாதுகாப்பான தொடர்பு என்ற செய்தி உள்ளே போகும். டாம்கேட்டின் சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பில் ரிமோட்ஐபிவால்வ் என்ற வால்வைச் சேர்த்து, அதன் புரோட்டோகால்ஹெடர் பண்பில் அந்தத் தலைப்பின் பெயரைக் கொடுத்தால்தான் டாம்கேட் அந்தச் செய்தியைக் காதில் வாங்கும். இந்த மூன்றாவதை மறந்தவர்களையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். இந்த வால்வு இன்னொரு நன்மையும் செய்யும்: பயனரின் உண்மையான ஐபி முகவரி மென்பொருளுக்குத் தெரியத் தொடங்கும். டாம்கேட்டின் அணுகல் லாக்கிலும் அந்த முகவரி பதிவாக வேண்டுமென்றால், ஆக்சஸ்லாக்வால்வில் ரிக்வெஸ்ட்ஆட்ரிப்யூட்ஸ்எனேபிள்டு என்பதை ட்ரூ என்று வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியிலும் 127.0.0.1 என்றே இருக்கும்.

கேள்வி: டாம்கேட்டே பக்கங்களை வழங்கும்போது முன்னால் இன்னொரு வெப் சர்வர் எதற்கு? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: ஒரே மென்பொருள், ஒரே இயந்திரம், அலுவலகத்துக்குள் மட்டும் பயன்பாடு என்றால் தேவையில்லை, டாம்கேட் தானே எச்டிடிபிஎஸ் பேசும். ஆனால் லினக்ஸில் 1024-க்குக் கீழுள்ள போர்ட்டுகளை வழக்கமாக ரூட் உரிமையுடன்தான் திறக்க முடியும், 80-உம் 443-உம் அதில் அடங்கும், டாம்கேட்டை ரூட்டாக ஓட்டுவது ஆபத்து. அதே இயந்திரத்தில் பிஎச்பி தளம் ஒன்றும் இருந்தால், 443-ஐ இருவருக்கும் பங்கிட ஒருவர் முன்னால் நிற்க வேண்டும். டாம்கேட்டைப் புதுப்பிக்க நிறுத்தும் இரண்டு நிமிடங்களில் பராமரிப்பு நடக்கிறது என்று ஒரு பக்கத்தைக் காட்டவும் முன்னால் ஒருவர் வேண்டும். நிலையான படங்களை டாம்கேட் மெதுவாகத்தான் வழங்கும் என்ற பழைய காரணத்தை மட்டும் இன்று சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: பல ஆண்டுகளாக, அப்பாச்சியும் டாம்கேட்டும் பேசிக்கொள்ளும் ஏஜேபி நெறிமுறை வழியாக 8009 போர்ட்டில் ஓடிக்கொண்டிருந்த அமைப்பு, டாம்கேட்டை 9.0.30-இலிருந்து புதிய பதிப்புக்கு உயர்த்தியதும் நின்றுவிட்டது. எந்தக் கோப்பையும் நாங்கள் மாற்றவில்லை. பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாமா? (சென்னை வாசகர்)

பதில்: திரும்ப வேண்டாம். நீங்கள் ஓட்டிக்கொண்டிருந்த பதிப்பில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. 2020 பிப்ரவரியில் வெளியான அந்தக் குறைபாட்டுக்குக் கோஸ்ட்கேட் என்று பெயர். சிவிஇ-2020-1938 என்பது அதன் பதிவெண். 8009 போர்ட்டை எட்ட முடிந்த எவரும், மென்பொருளின் வெப்-இன்ஃப் கோப்புறைக்குள் இருக்கும் கோப்புகளை, தரவுத்தளக் கடவுச்சொல் அங்கே இருந்தால் அதையும் சேர்த்து, வாசித்துவிட முடிந்தது. முன்னால் நிற்பவர் சொல்வதையெல்லாம் கேள்வியின்றி நம்பும் நெறிமுறை ஏஜேபி. அப்படிப்பட்ட கதவு அதுவரை எல்லா முகவரிகளிலும் திறந்தே வந்துகொண்டிருந்தது. 9.0.31, 8.5.51, 7.0.100 ஆகிய பதிப்புகளில் அதை மூடினார்கள். அதன்பின், முகவரி எதையும் குறிப்பிடாவிட்டால் ஏஜேபி கனெக்டர் இயந்திரத்தின் உள்முகவரியில் மட்டுமே காத்திருக்கும். இரகசியச் சொல் ஒன்றும் கட்டாயமாக வேண்டும். நீங்கள் பழைய சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பை அப்படியே புதிய பதிப்புக்குள் வைத்திருப்பீர்கள். சீக்ரட்ரிக்வயர்டு ட்ரூ என்று இருக்கிறது, சீக்ரட் காலியாக இருக்கிறது என்று டாம்கேட்டின் கேட்டலினா லாக்கில் ஒரு வரி நிச்சயம் காத்திருக்கும்.

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஏஜேபியை விட மனமில்லை என்றால், கனெக்டரில் சீக்ரட் பண்புக்கு ஒரு நீண்ட சொல்லைக் கொடுத்து, அதே சொல்லை முன்னால் இருப்பவருக்கும் கொடுங்கள். அப்பாச்சியின் ஏஜேபி இணைப்பு மாட்யூல்களில் மாட்_ஜேகே பயன்படுத்துவோர் அதை ஒர்க்கர் கோப்பில் எழுதலாம்; மாட்_பிராக்ஸி_ஏஜேபியில் இதற்கான அளவுரு அப்பாச்சி 2.4.42-இல்தான் வந்தது என்பதால் உங்கள் அப்பாச்சியின் பதிப்பைச் சரிபாருங்கள். சொல் பொருந்தாவிட்டால் 403 வரும். நான் தேர்ந்தெடுப்பது இரண்டாவது வழியை: ஏஜேபி கனெக்டரை முழுவதுமாக எடுத்துவிட்டு, 8080-க்குச் சாதாரண எச்டிடிபி பிராக்ஸியாக மாறிவிடுங்கள். அதில் கோளாறு வந்தால் கர்ல் ஒன்றே போதும், நடுவில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். ஏஜேபி இரும வடிவிலானது, கண்ணால் படிக்க முடியாது. மாறும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: எச்டிடிபிஎஸ் விவரத்தையும் பயனரின் ஐபி முகவரியையும் ஏஜேபி தானாகவே உள்ளே கொண்டுபோய்க்கொண்டிருந்தது. இனி அந்த வேலைக்கு, மதுரை வாசகிக்குச் சொன்ன மூன்று மாற்றங்களும் தேவை.

கேள்வி: ஐயா, எங்கள் கூட்டுறவுச் சங்க மென்பொருளில் உறுப்பினர் பெயரைத் தமிழில் தட்டிச் சேமித்தால் குப்பை எழுத்துகளாகப் பதிவாகிறது. ஆனால் தேடல் பெட்டியில் தமிழில் தேடினால் சரியாகத் தேடுகிறது. டாம்கேட் 9, முன்னால் என்ஜின்எக்ஸ். என்ஜின்எக்ஸ்தான் தமிழைக் கெடுக்கிறது என்கிறார் நண்பர். (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: என்ஜின்எக்ஸ் மேல் குற்றமில்லை, படிவத்தில் தட்டிய பைட்டுகளை அது உள்ளது உள்ளபடி உள்ளே தள்ளிவிடுகிறது. தேடல் சரியாகவும் சேமிப்பு தவறாகவும் இருப்பதே இதைத் தெளிவாக்குகிறது. தேடல் சொல் முகவரியோடு ஒட்டி வருகிறது. முகவரியை, தமிழையும் தாங்கும் யுடிஎஃப்-8 குறியாக்கம் என்று கொள்வது டாம்கேட் 8 முதல் இயல்பாகிவிட்டது. சேமிப்புப் படிவமோ கோரிக்கையின் உடலில் வருகிறது. எழுத்துக் குறியாக்கம் இன்னது என்று உலாவி சொல்லாதபோது, அதை ஐஎஸ்ஓ-8859-1 என்றே கொள்ள வேண்டும் என்பது ஜாவா வெப் மென்பொருள்களுக்கான செர்வ்லெட் விதி. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான அந்தக் குறியாக்கத்தில் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து.

இதைக் கண்ணால் பார்க்க ஓர் எளிய சோதனை. மதுரை என்று தட்டிச் சேமியுங்கள். ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று யூனிகோடில் இது ஐந்து குறிகள்; யுடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் வீதம் பதினைந்து பைட்டுகள். நிரலில் அந்தப் பெயரின் நீளத்தை லாக்கில் அச்சிடுங்கள். 5 என்று வந்தால் கோரிக்கை சரியாகவே வாசிக்கப்பட்டிருக்கிறது. சேமித்தபின் கெடுவது தரவுத்தளத்திலோ அதற்குப் போகும் இணைப்பிலோ இருக்கிறது. 15 என்று வந்தால் டாம்கேட் வாசித்த இடத்திலேயே உடைந்துவிட்டது. இந்த வகை உடைவில், தலையில் சாய்ந்த கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்து மூன்று எழுத்துக்கு ஒரு முறை தவறாமல் தலைகாட்டும். தமிழ்க் குறிகள் அனைத்தும் ஒரே பைட்டில் தொடங்குவதுதான் அதற்குக் காரணம். குப்பைக்குப் பதில் கேள்விக்குறிகளாக வந்தால், தமிழைத் தாங்காத குறியாக்கத்தில் தரவுத்தள அட்டவணை உருவாக்கப்பட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

உங்களுக்கு 15 வரும் என்று நம்புகிறேன். டாம்கேட் 9-இல் மென்பொருளின் வெப்.எக்ஸ்எம்எல் கோப்பைச் செர்வ்லெட் 4.0 வடிவில் எழுதி, ரிக்வெஸ்ட்-கேரக்டர்-என்கோடிங் என்ற குறிக்குள் யுடிஎஃப்-8 என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அதைவிடப் பழைய மென்பொருளானால், டாம்கேட்டுடன் வரும் செட்கேரக்டர்என்கோடிங்ஃபில்டரைச் சேருங்கள். அது மற்ற எல்லா ஃபில்டர்களுக்கும் முன்னால் இருந்தாக வேண்டும். வேறொரு ஃபில்டர் ஒரே ஓர் அளவுருவை வாசித்துவிட்டாலும், உடல் முழுவதும் தவறான குறியாக்கத்தில் பிரிக்கப்பட்டுவிடும், அதன்பின் நீங்கள் யுடிஎஃப்-8 என்று சொல்வது எடுபடாது. ஏற்கெனவே கெட்டுப்போய்ச் சேமிக்கப்பட்ட பெயர்களைத் திரும்பத் தட்ட வேண்டாம். எழுத்துகளை ஐஎஸ்ஓ-8859-1 பைட்டுகளாக மாற்றி, அந்தப் பைட்டுகளை யுடிஎஃப்-8 என்று வாசித்தால் பெரும்பாலானவை மீண்டுவிடும். முதலில் அட்டவணையின் நகலில் செய்து பாருங்கள். களத்தின் நீள வரம்பில் பாதியில் வெட்டுப்பட்ட பெயர்கள் மட்டும் மீளாது. அவர்களின் பெயரை உறுப்பினர் படிவத்தைப் பார்த்துச் சரியாகத் தட்டிவிடுங்கள். ஒருவருடைய பெயர் அவருடைய பாஸ்புத்தகத்தில் குப்பையாக அச்சாவதை என்னால் சிறிய பிழையாக எண்ண முடியவில்லை.

கேள்வி: டாம்கேட் 9-இல் ஓடிய வார் கோப்பை டாம்கேட் 10-இல் வைத்தால் எல்லாப் பக்கங்களுக்கும் 404. (கோவை வாசகர்)

பதில்: டாம்கேட் 10-இலிருந்து ஜாவாஎக்ஸ்.செர்வ்லெட் என்று தொடங்கிய வகுப்புப் பெயர்கள் ஜகார்த்தா.செர்வ்லெட் என்று மாறிவிட்டன. உங்கள் மென்பொருளில் இருக்கும் செர்வ்லெட்டுகளை டாம்கேட் 10 செர்வ்லெட்டுகளாகவே அடையாளம் காணவில்லை. வெப்ஆப்ஸ் கோப்புறைக்குப் பக்கத்திலேயே வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ என்று ஒரு கோப்புறையை உருவாக்கி அதில் வார் கோப்பை வைத்தால், டாம்கேட் தானே மாற்றி வெப்ஆப்ஸில் வைத்துக்கொள்ளும். நிரலைத் திருத்த நேரம் கிடைக்கும் வரை டாம்கேட் 9-இலேயே இருப்பதும் தவறல்ல. 10.1-க்கு ஜாவா 11, டாம்கேட் 11-க்கு ஜாவா 17 குறைந்தபட்சம் வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாதக் கடைசியில் மட்டும் என்ஜின்எக்ஸிலிருந்து 504 பிழை வருகிறது. பிராக்ஸி_ரீட்_டைம்அவுட்டை 600 நொடிகளாக உயர்த்தினோம். இப்போது 504 குறைந்து, தளம் மொத்தமாக உறைந்துவிடுகிறது. டாம்கேட்டை மறுதொடக்கம் செய்தால் அரை மணி நேரம் நன்றாக ஓடுகிறது. (திருச்சி வாசகர்)

பதில்: டாம்கேட்டின் மறுமொழிக்காக என்ஜின்எக்ஸ் இயல்பாகக் காத்திருக்கும் நேரம் 60 நொடிகள். அதைத் தாண்டியதும் அது பயனரிடம் 504 என்று சொல்லிவிட்டுத் தன் இணைப்பை மூடிக்கொள்கிறது. ஆனால் பொதுவாக டாம்கேட்டுக்குள் அந்த அறிக்கை தொடர்ந்து தயாராகிக்கொண்டேதான் இருக்கிறது. பயனர் மறுபடி அழுத்துகிறார். இன்னொரு அறிக்கை தொடங்குகிறது. மாதக் கடைசியில் பத்துப் பேர் மூன்று முறை அழுத்தினால் முப்பது அறிக்கைகள் ஒரே தரவுத்தளத்தை இழுக்கின்றன. நேரத்தை உயர்த்தியதால், அடைப்பு இருக்கும் இடத்தை மறைத்துவிட்டீர்கள்.

என் ஊகத்தைச் சொல்கிறேன், நீங்கள் சோதித்து உறுதிசெய்யுங்கள். டாம்கேட்டின் இயல்பான உச்ச நூலிழைகள், அதாவது திரெட்டுகள், 200. ஆனால் டாம்கேட்டுடன் வரும் தரவுத்தள இணைப்புத் தொகுப்பில் மேக்ஸ்டோட்டல் மதிப்பை நீங்கள் கொடுக்காவிட்டால் ஒரே நேரத்தில் 8 இணைப்புகள் மட்டுமே கிடைக்கும். எட்டு அறிக்கைகள் அந்த எட்டையும் பிடித்துக்கொண்டால், ஒரு வரி விவரம் கேட்டு வந்தவரும் ஒன்பதாவது ஆளாக வரிசையில் நிற்க வேண்டும்; அவரோடு சேர்த்து மீதி 192 திரெட்டுகளும் நிரம்பியதும் தளம் உறைந்ததாகத் தெரியும்.

அடுத்த முறை உறையும்போது, மறுதொடக்கம் செய்யும் முன், டாம்கேட் ஓடும் அதே பயனர் கணக்கில் நின்று, திரெட்டுகள் அந்த நொடியில் எங்கே நிற்கின்றன என்று காட்டும் ஜேஸ்டாக் கட்டளையை அதன் செயல்முறை எண்ணுடன் ஓட்டி, வெளியீட்டை ஒரு கோப்பில் சேமியுங்கள். பத்து நொடி இடைவெளியில் மூன்று முறை செய்யுங்கள். எச்டிடிபி-என்ஐஓ-8080-எக்ஸெக் என்று தொடங்கும் பெயர்கள்தான் பயனர்களின் கோரிக்கைகளைக் கையாளும் திரெட்டுகள். அவற்றில் பெரும்பாலானவை இணைப்புத் தொகுப்பிலிருந்து இணைப்பைக் கடன் வாங்கும் வரியிலேயே மூன்று முறையும் நின்றால் என் ஊகம் சரி. எட்டு மட்டும் தரவுத்தளத்தின் மறுமொழியை வாசித்துக்கொண்டிருக்கும். அவற்றின் அடுக்கில் சற்றுக் கீழே உங்கள் சொந்த வகுப்பின் பெயரும் வரி எண்ணும் இருக்கும். திருத்த வேண்டியது அந்த வரியில் இருக்கும் வினவலை. இணைப்புகளின் எண்ணிக்கையை 20 அல்லது 30 ஆக உயர்த்துவதும், மாத அறிக்கைகளைப் பின்னணியில் தயாரித்து, முடிந்ததும் பதிவிறக்கிக்கொள்ளும்படி வைப்பதும் அதற்கு அடுத்த வேலைகள். அவை முடிந்ததும் அந்த 600-ஐ மீண்டும் 60 ஆக்கிவிடுங்கள். மூன்று கோப்புகளிலும் வேறு விதமான காட்சி தெரிந்தால், கடவுச்சொற்களை நீக்கிவிட்டு அவற்றை எனக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த இதழில் அவற்றைப் பார்ப்போம்.